விட்டுப் பிடிக்க நினைத்த பிளஷர்

என்னுடைய பிளஷர் காரை விற்றுவிடுவது என்று ஒரு தைப்பூசத்தன்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் என் மனைவி அமிர்தவல்லி. அது நான் செய்த முடிவு என்று வெளியே சொல்லிக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்தது.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம். புதுக்கோட்டையில் எனக்கு ஒரு மரக்கடை. என் பெயர் சோலையப்பன். டவுனில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் நானும் ஒருவன், சுண்டுவிரலாகவாவது. எந்தெந்த ஜமீனிலோ ஓடிக் களைத்து, கடைசியில் என்னிடம் ஓய்வெடுக்க வந்த வண்டி அது. ஓய்வு அதற்கு, உழைப்பு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு அடியில் போய்ப் படுத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளியே வருவேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் முகம் தெரியாது. இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். கும்பிட வேண்டியவர்கள் பாதத்தையே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"ஏங்க, ஒங்க கால்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்" என்றுதான் அமிர்தவல்லி பேச்சையே தொடங்குவாள்.

"சொல்லு, கேக்குது."

"காதுக்குச் சொல்லி ஒண்ணும் நடக்கல. அதான் காலுக்குச் சொல்லிப் பாக்குறேன். கடையில ஆளுக தேக்க வேம்பு விலைக்குக் குடுக்குறாங்களாம்."

அந்தத் தைப்பூசத்துக்கு விராலிமலை முருகனைப் பார்க்க அவளைக் காரில் அழைத்துப் போனேன். கார் என்றால் தமிழில் மேகம் என்றும் ஒரு பொருள் உண்டு. என் கார் இரண்டு பொருளுக்கும் பொருந்தியது. அன்னவாசல் தாண்டியதும் ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பியது. நின்றோம். தண்ணீர் ஊற்றினேன். கிளம்பினோம். நின்றோம். கோயிலுக்குப் போகிற கூண்டு வண்டி ஒன்று மணியை ஆட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் மூடியைத் திருகிக்கொண்டே, "இன்னும் ரெண்டே நிமிசம் அமிர்தம்" என்று சொல்லித் திரும்பினால் ஸீட்டில் அமிர்தம் இல்லை. கூண்டு வண்டியின் பின்பக்கத்திலிருந்து அவளுடைய கை மட்டும் ஆடிக்கொண்டு போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது சாமி தேரைவிட்டே இறங்கிவிட்டார். அமிர்தவல்லி விபூதியை என் நெற்றியில் பூசினாள்.

"வித்துருங்க" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அந்த வண்டியின் மேல் உயிர். ஆனால் அமிர்தவல்லி சத்தம் போட்டால் எதிர்த்துப் பேசலாம். மெதுவாகப் பேசினால் அப்பீல் கிடையாது. யோசித்தேன். அன்று இரவே ஓர் அருமையான யோசனை உதித்தது. விட்டுப் பிடிப்பது!

விராலிமலையில் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் சவரியப்பன் இருந்தான். ரோட்டுக்குச் சரளை அடிக்கிற கண்ட்ராக்டர். கார் வாங்க வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. காரைப் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒரே சங்கதி, அதில் மாடு கட்ட வேண்டியதில்லை என்பது. அவனிடம் விற்றால் ஒரு மாதத்தில் அலுத்துப்போய், 'நீயே எடுத்துக்கய்யா' என்று கொண்டுவந்து விட்டுவிடுவான். சிநேகிதன் திருப்பித் தருவதை வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அமிர்தவல்லிதான் ஆட்சேபிக்க முடியுமா?

"யாருக்கு வேணும்னாலும் வில்லுங்க. சிநேகிதருக்கு மட்டும் வேணாம்" என்றாள் அவள்.

"நான் என்ன ஏமாத்தியா விக்கப்போறேன்? இருக்கிற கோளாறயெல்லாம் சொல்லித்தான் குடுப்பேன். கோளாறு வந்தா எங்கிட்ட கொண்டா, பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் திருப்பி எடுத்துக்கிறேன்னு வாக்குக் குடுக்கப்போறேன்."

அமிர்தவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படியா சங்கதி" என்றாள். பிறகு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

சவரியப்பனுக்கு என் வாக்கைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் தம்பி கூட இப்படிச் சொல்ல மாட்டானய்யா!" என்றான். அவனும் அவன் மனைவி இன்னாசியம்மாளும் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பின மாதிரி இருந்தது. சீக்கிரமே கோபித்துக்கொண்டு வந்துவிடும் பெண் என்பதுதான் ஆறுதல்.

இரண்டே வாரம். பிளஷர் வந்தது. முன்னால் இரண்டு காளைகள் இழுத்துக்கொண்டு வந்தன. பின் ஸீட்டில் இன்னாசியம்மாள் குடை பிடித்துக்கொண்டு மகாராணி போல உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டார்ட் ஆகலய்யா" என்றான் சவரியப்பன், சிரித்துக்கொண்டே.

"அடடா! ரொம்பக் கஷ்டமாப் போச்சா?"

"கஷ்டம் என்ன? காளைகள இலுப்பூர்ல என் மச்சான் குடுத்தாரு. அவருகூட நாலு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. வண்டி சரியா அவரு வீட்டு வாசல்ல நின்னுச்சு. இப்ப ராசியாயிட்டோம்!"

வாசலில் நான், "இந்த வண்டிக்கு இது பரம்பரை வியாதி, இனிமே அடிக்கடி வரும்" என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பெண்களும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற பேச்சே வரவில்லை.

அடுத்த தடவை ஹாரன். ஒரு தடவை அமுக்கினால் நிற்கவே நிற்காத ஹாரன் அது. நாலு தெரு தள்ளி வரும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. சந்தோஷமாக வாசலுக்கு ஓடினேன்.

"ஊரே திட்டுதா?" என்றேன்.

"அட போய்யா! நம்ம மலையில மயில் இருக்குல்ல? ஹாரன் கத்துனா அதுகளும் கத்துது. நான் ஊருக்குள்ள வந்தா அத்தனை மயிலும் எறங்கி வருது. பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம்."

மறுபடியும் வாசலில் என் உபதேசம், அடுப்படியில் பெண்கள் பேச்சு, சாப்பாடு. ஹாரனும் வாயை மூடிக்கொண்டது.

மூன்றாவது தடவை ஆவி. இதில் கட்டாயம் மனம் வெறுத்திருப்பான் என்று நம்பினேன்.

"குடுமியான்மலை பக்கத்துல பொகைஞ்சு நின்னுருச்சு" என்றான். "ஆறட்டும்னு கோயிலுக்குள்ள போனோம். அப்பப்பா, தூண்ல சிலை ஒவ்வொண்ணும் எறங்கி நடந்து வர்ற மாதிரி நிக்குது! பாறையில பாட்டுச் சுரமெல்லாம் வெட்டி வச்சிருக்கான். எத்தன வருசமா அந்த ரோட்டுக்கு நான் சரளை அடிச்சிருக்கேன், ஒரு நாள் உள்ள போயிருக்கேனா? ஒன் வண்டி நின்னதாலதானய்யா பாத்தேன்!"

இப்படிப்பட்ட மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார் காலை வாரிவிட்டால், விழுந்த இடத்தில் பூப்பறிக்கிறான்.

அதற்கடுத்த மாதம் அவன் கோளாறு எதுவும் இல்லாமலே வந்தான். ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"என்னய்யா இது?"

"மஞ்சப் பொடி. ஓட்டைய அடைச்சுக்கிருது. ஒன் வீட்டுல தங்கச்சி சொன்ன வைத்தியந்தான். ஸ்டார்ட் பண்றதும் அப்படித்தான். சாவியப் போடாம ஹாண்டில நாலு சுத்து சுத்தி, அப்புறம் சாவியப் போட்டு ஒரே இழுப்பு. இன்னாசி கேட்டுட்டு வந்து சொல்லுச்சு."

அவன் போனதும் உள்ளே பாய்ந்தேன். அமிர்தவல்லி வடகம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வண்டி வைத்தியம் ஒனக்கு எப்படிடி தெரியும்?"

"இத்தனை வருசமா அடியில படுத்துக்கிட்டு நீங்க பொலம்புனதெல்லாம் யாரு காதுல விழுந்துச்சாம்?"

"அதையெல்லாம் ஏன் அவுகளுக்குச் சொல்லிக் குடுத்தே?"

"கோளாறு வந்தா நாம பாத்துத் தர்றதுன்னு நீங்கதானே வாக்குக் குடுத்தீங்க? ஏன், சரியானது ஒங்களுக்குச் சந்தோசமில்லையா?"

"ரொம்பச் சந்தோசம்" என்றேன்.

கடைசி அஸ்திரத்தை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் பஸ் ஏறி நானே விராலிமலைக்குப் போனேன். வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தேன். வெளியே வந்து துண்டை உதறினேன். பேசவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டேன்.

"என்னய்யா?" என்றான் சவரியப்பன்.

"சொன்னா மனசு கஷ்டப்படுவே."

"சொல்லுய்யா."

"அச்சு விட்டுப்போச்சு. இன்னைக்கோ நாளைக்கோ ரெண்டாப் பிளந்துரும். இது ஓடுற வண்டி இல்லப்பா, உசுரக் குடிக்கிற வண்டி. தங்கச்சிய இதுல ஏத்தாதே."

வாசற்படியில் நின்ற இன்னாசியம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எனக்கு உள்ளே எங்கேயோ குத்தியது. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, காரை எங்கே நிறுத்துவது, கீற்றுக் கொட்டகையைக் கொஞ்சம் நீட்டிப் போடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளஷர் மெள்ள மெள்ள ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. சவரியப்பன் தனியாக வந்திருந்தான். இறங்கி, பானெட்டைத் தடவிக் கொடுத்தான்.

"சோலை, நீ வந்து சொன்னதிலேருந்து இன்னாசி சரியாச் சாப்பிடலய்யா. எனக்கு இத விட மனசே இல்ல. ஆனா வீட்டுல பயந்து சாகுறாக. நீ சொன்ன வாக்குப்படி எடுத்துக்க."

என் நெஞ்சுக்குள் நாயனமும் தவிலும் முழங்கின. முகத்தை மட்டும் எழவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டேன்.

"சிநேகிதத்துக்காக இது கூடச் செய்யலைன்னா எப்படி?" என்றேன்.

அமிர்தவல்லி மோர் கொண்டுவந்தாள்.

"கவலைப்படாதீங்க அண்ணே. நீங்க குடுத்த பணம் பெட்டியில அப்படியே இருக்கு. நான் தொடவே இல்ல" என்றாள்.

எனக்கு அவள் மேல் எவ்வளவு பிரியம் பொங்கியது தெரியுமா! பணத்துக்கு என்ன செய்வது என்பது ஒன்றுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை. அதையும் அவளே அடைத்துவிட்டாள்.

"வண்டிக்கும் ஆளு பாத்தாச்சு" என்றாள்.

"என்ன ஆளு?"

"அரிமளத்துல உடையப்பன்னு ஒருத்தரு. கெணத்துல தண்ணி எறைக்க எஞ்சின் தேடிக்கிட்டிருக்காராம். எஞ்சினக் கழட்டிக்கிட்டு மிச்சத்தப் பழைய இரும்புக்குப் போட்டுருவாராம். நாளைக்குக் காலையில சம்மட்டியோட ஆளு வருது."

"சம்மட்டியா!"

"பின்ன? பிளக்கப்போற வண்டிய மெதுவா கையாலயா பிரிக்கிறது?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? கொட்டகையில ஒரு ஓரமா நிக்கட்டுமே."

"உசுரக் குடிக்கிற வண்டின்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னாசி மதினி பஸ்ல ஆள் மூலமாச் சொல்லி விட்டுச்சு. அத வீட்டுல வச்சிருந்தா நீங்க ஏறி ஓட்டாம இருப்பீங்களா? அப்புறம் என் தாலிக்கு என்ன கதி? நீங்களே சொல்லுங்க அண்ணே."

"நியாயந்தான் தங்கச்சி" என்றான் சவரியப்பன். "இவன் உசுரு பெருசா, வண்டி பெருசா? ஒடைச்சுப் போட்டுருங்க."

நான் பிளஷரைப் பார்த்தேன். வெயிலில் அதன் விளக்குகள் இரண்டும் பளபளத்தன. அதன் மேல் ஒரு சம்மட்டி இறங்குவதாக நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல!" என்று கத்திவிட்டேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அச்சு விட்டுப்போச்சுன்னியே?" என்றான் சவரியப்பன்.

"இரும்பு மாதிரி இருக்கு! இரும்புதானே அது!"

"ரெண்டாப் பிளக்கும்னியே?"

"இன்னும் இருவது வருசத்துக்கு அசையாது!"

"பின்ன ஏன்யா அப்படிச் சொன்னே?"

அமிர்தவல்லி மோர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு, என்னை விட ஆவலாக என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சோதிச்சேன்" என்றேன். "வண்டி மேல ஒனக்கு நெசமாவே பிரியம் இருக்கான்னு சோதிச்சேன்."

"சத்தியமா வண்டிக்கு ஒண்ணும் இல்லையே?"

"விராலிமலை முருகன் சத்தியமா ஒண்ணும் இல்ல."

சவரியப்பன் என்னைக் கட்டிக்கொண்டான். "எனக்கு ஏத்த சிநேகிதன்யா நீ!" என்றான். ஒரே தாவலில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். "இன்னாசிகிட்ட ஒடனே சொல்லணும். ஒரு சுத்து சுத்தி விடுய்யா!"

ஹாண்டிலைச் சுற்றிவிட்டவன் நான்தான். சாவி போடாமல் நாலு சுற்று, சாவி போட்டு ஒரே இழுப்பு. பிளஷர் ஒரு இருமல் கூட இருமாமல் கிளம்பிப் போயிற்று.

புழுதி அடங்கியது. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அமிர்தவல்லி பக்கத்தில் வந்து ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். குடித்தேன். அப்போதுதான் எனக்கு வேறொரு கவலை வந்தது.

"ஏய் அமிர்தம், நாளைக்குக் காலையில அந்த உடையப்பன் சம்மட்டியோட வந்து நிப்பானே. அவனுக்கு என்ன பதில் சொல்றது?"

"எந்த உடையப்பன்?"

"அதான், அரிமளத்து உடையப்பன்."

அமிர்தவல்லி காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அரிமளத்துல எனக்கு யாரைங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.