வடதுருவ ஒளிக்கு மீன் அறையில் ஒத்திகை

அன்புள்ள மச்சானுக்கு,

இவ்விடம் உங்கள் தங்கையும் நானும் சுகம். தும்மல் மட்டும் இன்னும் நின்றபாடில்லை. வெளியூர் போன இடத்தில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மீன் கோல்டு ஸ்டோரேஜில் பிடிபட்ட திருடன் நான்தான்.

காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். எங்கள் சமையலறைக் காலண்டரில் இந்த வருஷம் வடதுருவ ஒளியின் படம். வானத்தில் யாரோ பச்சைப் புடவையை உதறிக் காயப்போட்ட மாதிரி இருக்கும். உங்கள் தங்கை தினம் காலையில் அதன் முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் நான் அவளை அழைத்துப்போன ஆகத் தூரமான இடம் பல் டாக்டர் வீடு. சீக்கிரமே ரிட்டயராகப் போகிறேன், ஆன கையோடு அந்த ஒளியைக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். சொன்னதும் "நாமளா?" என்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

டிராவல்ஸ்காரர், "மைனஸ் இருபது சார், தாங்குவீங்களா?" என்றார். ஃபேன் மூணில் ஓடினாலே போர்வை தேடுகிறவன் நான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நீங்கள் கொடுத்துவிட்டுப் போன சாவிக்கொத்தில் கோல்டு ஸ்டோரேஜ் சாவியும் இருந்ததா, பழகிப் பார்த்துவிடலாம் என்று மூன்று ஸ்வெட்டர், இரண்டு போர்வை, ஒரு குரங்குக் குல்லாயோடு அவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒத்திகை என்றால் முழுசா இருக்க வேண்டாமா? மீன் பெட்டிமேல உட்கார்ந்து ரெண்டு பேரும் கூரையை அண்ணாந்து பார்த்தோம்.

"என்னங்க தெரியுது?"

"டியூப் லைட்டு."

கிளம்பலாம்னா கதவு வரலை. உள்ளிருந்து தள்ளணுமாம், நான் பத்து நிமிஷமா இழுத்துட்டிருக்கேன். கடைசியில் வாட்ச்மேன் வந்து திறந்தார்.

"யாரும்மா நீங்க?"

"முதலாளி தங்கச்சி."

"அது சரி, இந்தப் போர்வை மூட்டை?"

உங்க தங்கச்சி என்னை மேலும் கீழும் பார்த்தா. யோசிச்சா மச்சான்! யோசிச்சுட்டுத்தான் "எங்க வீட்டுக்காரரு"ன்னா.

தயவுசெய்து சாவியைத் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். இன்னும் நாலு ஞாயிறு கிடைத்தால் தேறிவிடுவேன். டிராவல்ஸ்காரருக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும், அதற்குள் உங்கள் சம்மதம் மட்டும் வந்தால் போதும். வாய்விட்டு எதையும் கேட்காதவளின் ஒரே ஆசை, உங்கள் ஒரு சாவியில் தொங்குகிறது.

பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் வாட்ச்மேனிடம் நான் கேட்கும் மன்னிப்பும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் போர்வை மூட்டை

பி.கு.: கடிதத்தை இப்போதுதான் அவள் படித்தாள். "நான் எங்கங்க படத்தைப் பாத்தேன்? கீழ தேதியை இல்ல பாத்தேன்! நீங்க ரிட்டயராகி வீட்டோட வந்து உக்கார இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு எண்ணிட்டிருந்தேன்" என்கிறாள். நாற்பத்தொரு நாள் இருக்கிறதாம்.