மஞ்சள் ரிப்பன் கட்டினால் வெளியே

"சார், ஆய்வு அதிகாரி வந்துட்டாரு!"

உயிரியல் வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து. அதிகாரி வர வேண்டியது இரண்டு மணிக்கு.

அவர் ஏழு வருடமாகத் தற்காலிக வாத்தியார். இன்றைக்கு அதிகாரி பாடத்தைப் பார்த்துவிட்டுச் 'சரி' என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து வீட்டில் உட்கார வேண்டியதுதான். பிற்பகல் பாடத்துக்கு இப்போது வெறும் ஒத்திகைதான் நடந்துகொண்டிருந்தது.

வகுப்பறைதான் செல். முன் பெஞ்சு, புரதம் தயாராகும் தொழிற்சாலை. அங்கே புரதத்துக்குப் பதில் பந்துகள். கட்டில் விரிப்பைப் போர்த்திக்கொண்ட இரண்டு மாணவர்கள்தான் சாமான் சுமக்கும் சவ்வுப் பை. விரிப்பு வாத்தியார் வீட்டம்மாவுக்குத் தெரியாமல் வந்தது. வாத்தியாரின் மேஜைதான் பொட்டலம் கட்டும் இடம். அங்கே இரண்டு மாணவிகள் ரிப்பன் கட்டுவார்கள். ஜன்னல் முழுக்க மஞ்சள் ரிப்பன் தொங்கியது. மஞ்சள் கட்டிய சாமான் ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும். நீலம் கட்டியது மூலையில் இருந்த சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போய்க் கரைய வேண்டும்.

மஞ்சள் ரிப்பன் கடையில் கிடைக்கவில்லை என்று நேற்று மாலை வாத்தியார் புலம்பியதற்கு, காலையில் ஆய்வகத்து அக்கா ஒரு கட்டு கொண்டுவந்து மேஜையில் போட்டிருந்தாள்.

"எங்க கிடைச்சுது அக்கா?"

"பை சாமானைச் சுமக்கணும், எங்கேருந்து வந்துச்சு, உள்ள என்னன்னு கேக்கக் கூடாது. நீங்கதானே நேத்து பாடம் நடத்துனீங்க?"

வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

அதிகாரி உள்ளே வந்தார். தோல் பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடத்துங்க. நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க."

பிள்ளைகள் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். மேஜைமேல் எது வந்தாலும் பொட்டலம் என்பதுதானே ஒப்பந்தம்? வாத்தியார் கரும்பலகையில் தேதி எழுதித் திரும்புவதற்குள் தோல் பைக்கு மஞ்சள் ரிப்பன் ஏறியிருந்தது. விரிப்பு வந்தது, பையை விழுங்கியது, ஜன்னலில் போய் ஒட்டியது. தொப்பென்று ஒரு சத்தம்.

"என் பை!" என்றார் அதிகாரி.

"ஐயோ, நிறுத்துங்கடா!"

"நீங்களே நிறுத்துன்னு கத்தினாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்!" என்றது விரிப்புக்குள்ளிருந்து ஒரு குரல். "செல் யார் சொன்னாலும் நிக்காதுன்னு."

சொன்னது உண்மைதான். வாத்தியார் தன் வாயைத் தானே நொந்துகொண்டார். சட்டென்று ஒரு யோசனை வந்தது. "செல் வெளியில இருக்கிறதை உள்ளயும் இழுக்கும்! போய் இழுத்துட்டு வாங்க!"

விரிப்பு வெளியே ஓடியது. கண் தெரியாத விரிப்பு, அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. மேஜைமேல் கொட்டியபோது தோல் பையோடு ஒரு பூந்தொட்டி, காவல்காரரின் செருப்பு, தூக்கம் கலைந்த ஒரு பூனை எல்லாம் விழுந்தன. பூனை அதிகாரியின் மடியில் ஏறி மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"அப்பாடா, கிடைச்சிருச்சு" என்று வாத்தியார் பெருமூச்சு விடுவதற்குள் மாணவிகள் பைக்கு நீல ரிப்பன் கட்டிவிட்டார்கள்.

"அதை ஏம்மா கட்டுறீங்க?"

"வெளியிலேருந்து உள்ள வந்ததைக் கரைச்சுடணும்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

பை வாளிக்குள் போனது. அதற்குள் இருந்த காகிதங்களை எண்ணிப் பதறிய அதிகாரி, பூனையை உதறிவிட்டு வாளிக்குப் பாய்ந்தார். தரையெல்லாம் சோப்பு. சறுக்கிக்கொண்டே போய், எதிரே வந்த விரிப்புக்குள் விழுந்தார். பையைவிடப் பெரிய சரக்கு என்று விரிப்பு உற்சாகமானது. போகிற வழியில் மாணவிகள் அவர் கையில் மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள்.

வாத்தியார் ஓடிப்போய்க் காலைப் பிடித்தபோது அதிகாரி இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே இருந்தார்.

உள்ளே இழுத்து உட்கார வைத்தார்கள். அதிகாரி மூக்கிலிருந்து நுரையைத் துடைத்தார். வாளியிலிருந்து ஒரு மாணவன் எடுத்துக் கொடுத்த பையிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு படிவத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார்.

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், ஒரே ஒரு வார்த்தை. ரெண்டு மணிக்கு வந்திருந்தீங்கன்னா நல்ல பாடம் பாத்திருப்பீங்க. ஏழு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன் சார். எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ, உங்களை நாலு மணி நேரம் முன்னாடியே கொண்டுவந்து இங்க விட்டுடுச்சு."

"என்ன உளர்றீங்க? பத்து மணின்னு போட்டிருக்கு, பத்து மணிக்கு வந்தேன்" என்று உறுமினார் அதிகாரி.

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அதிகாரியின் டிரைவர்.

"சார், மன்னிக்கணும். பத்து மணிக்கு நாம போக வேண்டியது பக்கத்துத் தெரு பள்ளிக்கூடமாம். அவங்க போன் மேல போன் போடுறாங்க. மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கும், அதைப் பாத்து வாங்கன்னு சொல்லியிருந்தாங்க, நானும் இந்த ஜன்னலைப் பாத்து வண்டியை நிறுத்திட்டேன்."

"அப்போ அங்க கட்டின ரிப்பன் எங்கே?" என்றார் அதிகாரி.

ஆய்வகத்து அக்கா மெல்லப் பூனையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"காலையில ஒரு அம்மா அவுத்துட்டுப் போயிட்டாங்களாம் சார். ஏம்மா எடுக்குறேன்னு காவல்காரர் கேட்டதுக்கு, 'எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கக் கூடாது, எங்க உயிரியல் வாத்தியார் உத்தரவு'ன்னாங்களாம்!"