இது காலில் ஏறும் அட்டை அல்ல

வட்டகொடை,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் அழகன் அவர்களுக்கு,

வட்டகொடையிலிருந்து செல்லசாமி எழுதிக்கொள்வது. பதுளையில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே எனக்கும் உங்கள் தங்கை ஜீவராணிக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பேச்சுவார்த்தைதான் நின்றுபோயிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், இந்த வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அடுப்படி ஜன்னல். அங்கே அவர் நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். நான் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் நேரத்தில், ஒரு நாள் ஜீவராணி குடையை எடுத்துக்கொண்டு, "ஹட்டனுக்குப் போய் அட்டை மாத்திக்கிட்டு வர்றேங்க" என்றார். மழைக்காலம். தேயிலை மலையில் இருப்பவன் அட்டை என்றால் இரத்தம் குடிக்கும் அட்டையைத் தவிர வேறென்ன நினைப்பான்? "இங்க கடிக்கிறது பத்தாதா, மாத்தி வேற கொண்டுவரணுமா?" என்று கேட்டேன். அது பக்கத்து வீட்டு ஜெயந்தினியின் காதில் விழுந்து, அந்தப் பிள்ளை உப்புப் பொட்டலமும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. இது காலில் ஏறும் அட்டை அல்ல. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு இருக்கும் அளவே உள்ள காகித அட்டை. அதில் படம் வரையலாம், துணி ஒட்டலாம், நூலால் தைக்கலாம். பின்பக்கம் செய்தவர் பெயரும் ஊரும் எழுத வேண்டும். விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஹட்டனில் ஜீவராணியின் சிநேகிதி முனீராவின் வீட்டுக்காரர் நடத்தும் துணிக்கடை மேல்மாடியில் மாதம் ஒரு ஞாயிறு இப்படி அட்டை செய்யும் பெண்கள் கூடுகிறார்கள். சீட்டு அளவு என்று நான் யாரிடமோ சொல்லப்போய், கிளாக்கரம்மா ஹட்டனில் சீட்டாடுகிறார் என்று அந்தப் பேச்சு தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் போய், கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வெள்ளை வேட்டியோடு வந்து, "ஐயா, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று வருத்தப்பட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஜீவராணி அதற்கும் என்னைத்தான் முறைத்தார். அப்போதெல்லாம் முறைத்தால் கூடவே திட்டும் வரும். நல்ல காலம் அது.

இந்த மாதம் எல்லாருடைய அட்டைகளையும் ஒன்றாகப் பார்வைக்கு வைப்போம் என்று அவர்கள் பேசி, ஆளாளுக்குக் கொடுத்தனுப்பிய அட்டைகள் எல்லாம் நம் வீட்டில் சேர்ந்திருந்தன. ஜீவராணி அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டு, தலவாக்கலைக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டார். "காத்தடிக்குது, பறந்துறாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான், என் உத்தியோக காலத்தில் ஒரு தாள் பறந்ததில்லை. அலமாரியிலிருந்த துளை போடும் மெஷினை எடுத்தேன். ஒவ்வொரு அட்டைக்கும் ஓரமாக இரண்டு துளை, பச்சை நாடா, கெட்டி ஃபைல். ஊர்ப் பெயரின் அகர வரிசையில் அகரப்பத்தனை தொடங்கி வட்டகொடை வரை அடுக்கி முடித்தபோது மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது. ஓரமாக என்று எழுதிவிட்டேன். அத்தனூண்டு அட்டையில் ஓரம் எங்கே இருக்கிறது?

ஜீவராணி வந்து ஃபைலைத் திறந்தார். முன்பள்ளி டீச்சர் தனுஜா வரைந்த மீன்கொத்திக்குக் கண் இல்லை. முனீரா வெள்ளி நூலில் தைத்த பிறைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு முழு நிலா. இப்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னோடு பேச்சு அன்றைக்கு நின்றதுதான்.

மன்னிப்புக் கேட்க நானும் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். ஹட்டன் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தார். கடைக்குப் போனால் முனீரா மாடிப்படியிலேயே மறித்து, "அட்டை இல்லாம யாரும் மேல வர ஏலாது சேர்" என்று ஒரு வெற்று அட்டையும் பேனையும் கொடுத்தார். படியில் உட்கார்ந்து, வந்த ரயிலையே வரைந்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வரைந்த முதல் படம்.

மேலே யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திம்புள்ள பக்கம் கொழுந்து பறிக்கும் மீனம்மா என்பவர் அன்றுதான் முதல் தடவை வந்திருந்தார். போன மழையில் மண் சரிந்து அவர்கள் லயமே போய்விட்டதாம். இப்போது உறவுக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். போன அந்த வீட்டு வாசலைத்தான் அவர் வரைந்து அனுப்பியிருந்தார். நீலக் கதவு, படி, படியில் ஒரு ஜோடிச் செருப்பு. என் துளை ஒன்று நட்டநடுக் கதவில்.

"மன்னிச்சிருங்கம்மா, அது போன வீடுன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டீங்களா?"

"யாரு வீடா இருந்தாலும் போட்டிருக்கக் கூடாதுங்க."

அவர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, துளை வழியாக என்னைப் பார்த்தார்.

"விடுங்கய்யா. எங்க கதவுல நெசமாவே ஒரு ஓட்டை இருந்துச்சு. நாந்தான் வரைய மறந்துட்டேன். யாரு வர்றாங்கன்னு அது வழியாத்தான் பாப்போம், ஆளு சரியில்லன்னா தெறக்க மாட்டோம்." இன்னொரு தடவை பார்த்தார். "உங்களுக்குத் தெறக்கலாம் போலத்தான் இருக்கு."

மூக்கைச் சிந்துவதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தத் தனுஜாப் பிள்ளை அவ்வளவு லேசில் விடவில்லை. "அங்கிள், என் மீன்கொத்திக்குக் கண்ணு?" என்று நேரே வந்து நின்றது. கையிலிருந்த ரயிலை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்டையில அட்டையே வரைஞ்சிருக்கீங்களா?" என்றது. ரயில் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். "ஆமா பிள்ள" என்றேன். "நல்லா நெளியுது" என்று எடுத்துக்கொண்டு, குருட்டு மீன்கொத்தியை என் கையில் வைத்துவிட்டுப் போனது.

ஆக, எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். உங்கள் தங்கை மட்டும் அங்கே எல்லாரோடும் பேசிச் சிரித்துவிட்டு, வீட்டுப் படி ஏறியதும் வாயை மூடிக்கொண்டார். தேத்தண்ணி நான் ஊற்றுகிறேன், ரொட்டி நான் தட்டுகிறேன், சம்பல் நான் இடிக்கிறேன். இன்று ரொட்டி கருகியதற்குக்கூட ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆகையால் வருகிற பௌர்ணமிப் போயா லீவுக்கு நீங்கள் நேரில் வந்து, அண்ணன் என்ற முறையில் இந்த அட்டைப் பழக்கத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தாவிட்டாலும் பரவாயில்லை, என்னோடு பேசச் சொன்னால் போதும்.

பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் இருவரின் ஆசி (அவரைக் கேட்காமலே எழுதுகிறேன்). பதுளைப் பக்கமும் மழையாம், தலை நனையாமல் இருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வார்த்தைக்கு ஏங்கும் உங்கள் மச்சான்,
செல்லசாமி

பின்குறிப்பு: அண்ணா, இது ஜீவராணி. கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என் கையிலேயே குடுத்திருக்காரு. எனக்கு ஒரு கோபமும் இல்ல. அந்த ஃபைலத் தெறந்தப்ப வந்த சிரிப்பு இன்னும் அடங்கல. அவரு மொகத்தப் பாத்து வாயத் தெறந்தா சிரிச்சிருவேன். சிரிச்சா பாவம், மனசு ஒடஞ்சிருவாரு. அதான் பேசல. அப்புறம் பாத்தா, ரொட்டி நல்லாத்தான் தட்டுறாரு. போயாவுக்கு நீங்க வர வேணாம். அடுத்த மாசம் வாங்க, அதுக்குள்ள கறி வைக்கவும் பழகிருவாரு.