மிச்சவாயரும் ஒரு வாய்த் தண்ணீரும்

வனவிலங்குத் துறையினர் இன்னும் கணக்கெடுக்காத ஓர் உயிரினம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. வால் இல்லை, கொம்பு இல்லை, கடிக்காது. ஆனால் நீங்கள் பாதி வாக்கியம் சொல்லி மூச்சு வாங்க நின்றால் போதும், மீதியை அது சொல்லிவிடும். தப்பாகச் சொல்லும். அதற்குப் பெயர் மிச்சவாயர். பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். வைத்தாயிற்று.

கைப்பேசியில் இரண்டு எழுத்தைத் தட்டினால் மீதியை அதுவே போட்டுத் தருமே, அந்தச் சாமானுக்கு ஒரு மீசை ஒட்டி, கட்டம் போட்ட சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அவர்தான். ஒரே ஒரு வித்தியாசம். கைப்பேசி போட்ட சொல்லை நாம் அழிக்கலாம்.

செராஸில் இருப்பார், அம்பாங்கில் இருப்பார், சுங்கை பூலோவில் இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் வாக்கியத்தை ஒருவர் முடித்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்கள். நாம் பார்க்கப் போவது கிள்ளான் லிட்டில் இந்தியாவில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் வாசுவை. அந்த இனத்தின் நல்ல கொழுத்த மாதிரி.

வாடிக்கையாளர் வருவார். "அண்ணே, நீலக் கலர்ல ஒரு..." என்பதுவரைதான் அவருக்கு அனுமதி. அதற்குள் வாசு ஏணியில் ஏறி, வரவேற்பறைக்கு ஏற்றது, ஓரத்தில் லேஸ் வைத்தது, உள்ளே போட வெள்ளைத் துணி, மாட்டக் கம்பி, கம்பிக்கு இரண்டு பக்கமும் தங்க நிறக் குமிழ் என்று எல்லாவற்றையும் இறக்கிப் பரப்பிவிடுவார். வந்தவர் கேட்க நினைத்தது சாமி மேடைக்கு ஒரு முழத் துணி. ஆனாலும் ஒரு மனிதர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது, நமக்கு வேண்டியது நமக்கே தெரியவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். கம்பியோடு வீட்டுக்குப் போவார். வாசுவின் வியாபாரம் வளர்ந்தது இப்படித்தான்.

ரயிலில் ஏறினால் அறிவிப்புக் குரலையும் விடமாட்டார். "அடுத்த நிலையம்..." என்று அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் "ஷா ஆலம்" என்று பெட்டிக்கே தெரிவிப்பார். அது பாடாங் ஜாவாவாக இருக்கும்.

ஒருமுறை பக்கத்துக் கடைக்காரர் கலங்கிய கண்ணோடு வந்து நின்றார். "வாசு, எங்க பெரியப்பா இன்னிக்கு விடியக்காலையில..." என்றார். "சபரிமலைக்குக் கெளம்பிட்டாரா? கொடுத்து வெச்சவரு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் வாசு. பெரியப்பா கிளம்பியது உண்மைதான். சபரிமலைக்கு இல்லை.

கெட்ட மனிதரா? சேச்சே. தான் உதவி செய்வதாகவே வாசு மனதார நம்பினார். ஒருவர் வாக்கியத்தின் நடுவில் நிற்பதைப் பார்த்தால், சாலையின் நடுவில் நிற்பதைப் பார்ப்பதுபோல் அவருக்குப் பதறும். லாரி வந்துவிட்டால்? ஓடிப்போய்க் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டாமா?

இப்படிப்பட்டவருக்கு ஷாமினி என்றொரு மகள். ஒன்பது வயது. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, தூசி தட்டி, வெளிச்சத்தில் பார்த்து, பிறகுதான் வெளியே வைப்பாள். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் போட்டது யார் வேலை என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் பெரிய குறும்பர்.

வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதிதான் அவளுக்குப் புரிகிறது, வாசிப்பும் தடுக்குகிறது என்று பள்ளியில் சொன்னதால் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். "உங்க பிள்ளைக்குக் காது..." என்று அவர் ஆரம்பித்தார். "கேக்கல. எனக்கு அப்பவே தெரியும்" என்று எழுந்த வாசு, கார் நிறுத்துமிடம் போய்ச் சேருவதற்குள் உறவினர் எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டார். மீதியை மனைவி லோகேஸ்வரி உட்கார்ந்து கேட்டாள். காது நன்றாகவே கேட்கிறது. சத்தத்துக்கு நடுவில் வரும் சொற்களைப் பிரித்து அடுக்கத்தான் அவளுக்கு நேரம் பிடிக்கிறது. செவிப்பயிற்சி கொடுத்தால் கேட்பது கூர்மையாகும், பேச்சும் வாசிப்பும் பின்னாலேயே வரும்.

அந்தப் பயிற்சி பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். நடத்துபவள் விஷ்ணுப்ரியா, சின்னப் பெண், அவசரமே தெரியாதவள். ஷாமினியின் காதில் ஹெட்போனை மாட்டுவாள். உள்ளே ஓர் உணவுக்கடையே இரையும்: தட்டு மோதும், மின்விசிறி கடகடக்கும், யாரோ தே தாரிக் டீ கேட்டுக் கூப்பாடு போடுவார்கள். அதற்கு நடுவில் ஒரு குரல் மெதுவாகக் கதை சொல்லும். அந்தக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"கதையில அந்தப் பையன் எங்க போனான்?" என்று விஷ்ணுப்ரியா கேட்பாள். ஷாமினி கூரையைப் பார்ப்பாள். அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"பாசாருக்கு, காய் வாங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். வாசுவின் காதில் ஹெட்போன் கிடையாது. கதையை அவர் கேட்கவே இல்லை.

இதற்கிடையில் பள்ளியில் வாசிப்பு நாள் வந்தது. பெற்றோர் எல்லாரும் வருவார்கள், மேடையேறி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். யாரும் சொல்லாமல் ஷாமினியே கையைத் தூக்கிப் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு பயம், அது மேடை இல்லை. அப்பா. தான் நிற்கும் இடத்திலெல்லாம் கூட்டத்திலிருந்து அப்பாவின் குரல் வந்து சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடும். வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். அம்மாவிடம் சொன்னபோது, நீயே அவரிடம் சொல் என்றாள் அம்மா. சொல்லலாம்தான். எப்படி?

"அப்பா, வாசிப்பு நாளுக்கு நீங்க..."

"வரணும், அவ்வளவுதானே? வரேன்."

மறுநாள் சாப்பாட்டு மேசையில். "அப்பா, வாசிப்பு நாளுக்கு நீங்க..."

"முன் வரிசையில உக்காரணும். உக்கார்றேன் லா."

அதற்கும் மறுநாள் வீடியோ எடுப்பதாக ஒப்புக்கொண்டார். பிறகு மாமா, சித்தி, பக்கத்துக் கடைக்காரர் எல்லாரையும் அழைத்து வருவதாகவும் ஒப்புக்கொண்டார். பிள்ளை வாயைத் திறக்கத் திறக்கக் கூட்டம் சேர்ந்துகொண்டே போயிற்று. இனி ஒருமுறை திறந்தால் நாதஸ்வரமும் வந்துவிடும் என்ற நிலையில்தான், பயிற்சி அறையில் விஷ்ணுப்ரியா வாசுவைப் பார்த்து, "அங்கிள், இன்னிக்கு நீங்களும் ஒரு டெஸ்ட் செஞ்சு பாருங்களேன், ஷாமினிக்குத் துணையா" என்றாள்.

வாசுவுக்குப் பெருமை தாங்கவில்லை. காதில் மாட்டிக்கொண்டார், கையில் பொத்தானை வாங்கிக்கொண்டார். கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும், அவ்வளவே. அமுக்கினார். படபடவென்று அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தாளம் போடுபவர்போல் தலையை ஆட்டி ஆட்டி அமுக்கினார். பக்கத்தில் ஷாமினி பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"உங்களுக்குக் காது ரொம்ப நல்லா இருக்கு, அங்கிள்" என்றாள் விஷ்ணுப்ரியா.

"அதான் நான் அப்பவே..."

"பாதி நேரம் நான் சத்தமே குடுக்கல. அப்பவும் அமுக்கிட்டு இருந்தீங்க."

வாசு பொத்தானைப் பார்த்தார். சூடு பட்டதுபோல் அதை மேசைமேல் வைத்தார்.

அவள் திட்டவில்லை. மருந்து ஒன்று சொன்னாள். ஷாமினி பேச ஆரம்பித்ததும் அவர் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. அவள் முடித்த பிறகுதான் விழுங்கலாம். பிள்ளைக்கு இப்போது வேண்டிய பயிற்சியில் பாதி அதுதான் என்றாள்.

சிரமம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. முதல் நாள் ஷாமினி "அப்பா" என்றதுமே முழுங்கிவிட்டு, "என்னம்மா, பசிக்குதா?" என்றார். இரண்டாவது வாய். முழுங்கினார். மூன்றாவது வாய் மூக்கு வழியாக வந்தது. கழிவறைக்கும் மேசைக்குமாக அலைந்தார். வீட்டில் யாருமே பேசாமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது அவருக்கு. கடையிலும் பழக்கிப் பார்த்தார். வந்தவர்கள் வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிப் போனதில் அன்றைக்குக் கம்பி ஒன்றுகூட விற்கவில்லை.

வாசிப்பு நாளுக்கு முந்தைய மாலை ஷாமினி எதிரில் வந்து நின்றாள். வாசு போத்தலைத் தூக்கி வாயை நிரப்பிக்கொண்டார்.

"அப்பா, வாசிப்பு நாளுக்கு நீங்க..."

கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கப் பார்த்தது, கையால் கழுத்தைப் பிடித்து அடக்கினார்.

"வராதீங்க."

தண்ணீர் அப்படியே நின்றது. யாரும் குறுக்கே வராததால், தன் வாக்கியத்தில் இன்னும் இடம் இருப்பதைப் பார்த்து ஷாமினிக்கே ஆச்சரியமாக இருந்தது. எனவே தொடர்ந்தாள். "வந்தா... நான் நிக்கிற எடத்துல எல்லாம் நீங்க சொல்லிருவீங்க. அப்புறம் அத... நான் படிச்சதுன்னு சொல்ல முடியாது."

அவள் முடித்துவிட்டாள். வாசு விழுங்கலாம். விழுங்க முடியவில்லை. சாலை நடுவிலிருந்து இத்தனை நாள் தான் இழுத்துவிட்ட ஆள், அங்கே நிற்கத்தான் வந்திருந்தாள் என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது. வாயில் தண்ணீரோடு போத்தலைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், பிறகு எங்கோ வெகு தூரத்தில், ஒரு மண்டபத்தின் கடைசிச் சுவரைக் காட்டினார்.

ஷாமினி கூரையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"கடைசி வரிசை" என்றாள். "தண்ணியோட."

மறுநாள் பள்ளி மண்டபத்தில் கடைசி வரிசையில், மடியில் பெரிய போத்தலோடு, இரண்டு கன்னமும் உப்பிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் பல்வலியா என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஷாமினி மேடையேறினாள். விரலை வரியில் வைத்தாள். பட்டம்போல் மெதுவாக ஏறிற்று குரல். தாய் யானை ஆற்றங்கரையில் நின்றது. குட்டிகள் இங்குமங்கும் ஓடின. தாய் யானை தன் தும்பிக்கையால்...

நின்றாள்.

மண்டபம் காத்திருந்ததா? கேட்பீர்களா நீங்கள் இதை? முன் வரிசையில் ஓர் ஆன்டி "தண்ணிய" என்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் கை கட்டியபடியே "தண்ணீரை உறிஞ்சி" என்று முழுசாகக் கொடுத்தார். அங்கொருவர் தண்ணீர், இங்கொருவர் தண்ணீர், பல்வலி கேட்டவரும் தண்ணீர். மண்டபம் முழுக்க மிச்சவாயர்கள். தண்ணீர் என்று சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். அவர் வாயில்தான் அது இருந்தது.

ஷாமினி தலையை நிமிர்த்திக் கடைசி வரிசையைத் தேடினாள். உப்பிய கன்னம் இரண்டும் அப்படியே இருந்தன. கூட்டம் அடங்கும்வரை விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு வாசித்தாள்: "கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியது. குட்டிகள் ஓடிப்போய் ஒளிந்துகொண்டன."

மண்டபம் சிரித்தது. வாசுவும் சிரித்துவிட்டார். முன்னால் இருந்தவருடைய வழுக்கைத் தலை அன்றைக்கு நனைந்த காரணத்தை அவர் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, தெரியாது.

காரில் திரும்பும்போது ஷாமினி பேசிக்கொண்டே வந்தாள். யானையைப் பற்றி, மேடையில் கால் அரித்ததைப் பற்றி, இடையில் நின்று, கூரையைப் பார்த்து, மறுபடியும் பேசினாள். போத்தலில் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஆனாலும் வாசு வீடு வரும்வரை வெறும் காற்றால் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டே கார் ஓட்டினார்.

சரி, நீங்கள்? தும்பிக்கையால் என்று நான் நிறுத்தியபோது உங்கள் மனதில் ஓடியது என்ன? பரவாயில்லை, யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும். இன்றைக்கோ நாளைக்கோ உங்கள் எதிரிலும் ஒருவர் வந்து நிற்பார், உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், பாதியில் நின்றுவிடுவார். அப்போது நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம்...

இருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.