சிலந்திக்குப் பேர் வைக்கிறவர்

பேர்வைப்பான் என்றொரு இனம் உண்டு. மனித இனம்தான், பயப்படாதீர்கள். ஊவா மாகாணத்தில் தாராளமாகக் காணப்படுகிறது; மற்ற மாகாணங்களிலும் தேடினால் அகப்படும். பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வழியில், தேயிலை மலையோர வடிகானுக்குள் ஒரு பெரிய மனிதர் தலையை உள்ளேயும் மற்றதையெல்லாம் வெளியேயும் வைத்துக்கொண்டு குனிந்து கிடப்பதைக் கண்டால், அவசரப்பட்டு அம்பியூலன்ஸுக்கு அறிவிக்காதீர்கள். அவர் நலமாகத்தான் இருக்கிறார். சிலந்தி ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்கு யாருடைய பேரை வைத்தால் யார் சந்தோஷப்படுவார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இந்த இனத்தோடு பதினோரு வருடப் பழக்கம். பதுளைக் கடைவீதியில் பாமசி வைத்திருக்கிறேன். பேர்வைப்பான்களில் தலைசிறந்தவரான, சிலந்தி ஆராய்ச்சியில் பட்டம் வாங்கிய கலாநிதி தங்கராஜா என் வாடிக்கையாளர். தடிமலுக்கு மாத்திரை வாங்க அவர் வருவதில்லை. ஸ்பிரிட்டும், சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் போத்தல்களும் வாங்க வருவார். மாதம் இருநூறு போத்தல். வரிசையில் நிற்கிற நோயாளிகள் அவரை இரக்கத்தோடு பார்த்து, "நீங்க முன்னுக்குப் போங்க சேர்" என்று வழிவிடுவார்கள்.

போத்தலுக்குள் போவது தரைச்சிலந்தி. வலை கட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிற ஜாதியல்ல இது. பகலெல்லாம் கல்லுக்கடியிலும் சருகுக்கடியிலும் பட்டுநூலால் ஒரு பை பின்னி அதற்குள் படுத்திருந்து, இருட்டிய பிறகு ஓடி ஓடி இரை பிடிப்பது. அரிசிமணி அளவுதான் இருக்கும். நூறு இனம் இருந்தாலும் வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய வேண்டுமானால், ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னாலிருக்கிற குட்டிக் கைகளின் நுனியையும், பெண் சிலந்தியின் அடிவயிற்றிலிருக்கிற இனப்பெருக்கத் துவாரத்தையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, முள் முள்ளாக, மயிர் மயிராகப் படம் வரைய வேண்டும். வரைவது முதுகொடிகிற வேலை. பேர் வைப்பது ஐந்து நிமிட வேலை. கலாநிதி இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

அவருடைய பழக்கவழக்கங்களைக் கேளுங்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணை வாழ்த்துவதற்கு முன்னால் வாசல் பூச்சாடியைத் தூக்கிப் பார்ப்பார். செத்த வீட்டுக்குப் போனால், அழுதுகொண்டிருக்கிற மூத்த மகனின் கையைப் பிடித்து, இரண்டு நிமிடம் மௌனமாக நின்று, "ஒங்க கக்கூஸ் பக்கம் பழைய கல்லு ஏதும் கெடக்குங்களா?" என்று கேட்பார். எந்தச் சிலந்தியைக் கண்டாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "இது ஒலகத்துக்கே புதுசு." சரியாகப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஏற்கெனவே பேர் வைத்ததுதானே இது என்று யாராவது சந்தேகப்பட்டால், காலில் ஒரு முள் கூடுதலாக இருப்பதைக் காட்டுவார். கூடுதலாக இல்லாவிட்டால் குறைவாக இருப்பதைக் காட்டுவார். கொழும்புப் பக்கம் ஒரு பேராசிரியர் இவருடைய மூன்று இனங்களைப் பிடித்து ஒரே இனமாகச் சேர்த்துவிட்டாராம். அந்த மனிதரின் பேச்செடுத்தால் கலாநிதிக்கு இரத்த அழுத்தம் ஏறும். அன்றைக்கு மட்டும் மாத்திரையும் வாங்குவார்.

இதுவரை முப்பத்தொரு இனங்களுக்குப் பேர் வைத்தாயிற்று. முதலாவது அவருடைய வாத்தியாருக்கு. இரண்டாவது மனைவிக்கு. மூன்றாவது மாமியாருக்கு; "இதன் தாடைகள் மிகப் பெரியவை" என்ற வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே மாமியாரின் பேரையும் அச்சடித்துவிட்டதால் வீட்டில் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குப் பிறகு சிலந்தி பிடிக்கிற அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர், இனிமேல் போடப் போகிறவர், போட மறுத்தாலும் மனம் மாறக்கூடியவர் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கும் ஒன்று கிடைக்குமென்று ஸ்பிரிட் விலையில் கழிவு கொடுத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் அதுவும்தான்.

அப்படியானால் முதுகொடிகிற வேலையை யார் செய்தது? ஜெயந்தினி. லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை. அம்மா விஜயலெட்சுமி இன்றைக்கும் கொழுந்தெடுக்கிறவர். விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு கலாநிதியிடம் உதவியாளராகச் சேர்ந்து நாலு வருடம். சிலந்தியைப் பிடித்தது அவள், படம் வரைந்தது அவள், முள் எண்ணியது அவள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அச்சில் வருகிற ஒரு கட்டுரையில், தலைப்புக்குக் கீழே, எழுதியவர் என்று தன் பேர். அது இருந்தால் வெளிநாட்டில் புலமைப்பரிசிலோடு மேற்படிப்பு. அடுத்த வருடக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல் வயது விடாது.

அந்த நேரத்தில்தான் தோட்டத்து மலையில் ஒரு கல்லின் கீழ், ஒரே பட்டுப் பைக்குள், இரண்டு சிலந்திகள் அவளுக்குக் கிடைத்தன. பெரியது பெண், மண்நிறம். சின்னது ஆண், கன்னங்கறுப்பு. எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. கலாநிதியின் வாழ்க்கையில் முதல் தடவையாக, உண்மையிலேயே உலகத்துக்குப் புதிது! போத்தல் வாங்க இருவரும் வந்திருந்தபோது என் கடையில் வைத்தே பேச்சு நடந்தது.

"சேர், ரெண்டும் ஒரே பைக்குள்ளதான் இருந்துச்சு. சோடிங்க. ஒரே இனம்."

"பஸ்ஸுல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தா புருசன் பொண்டாட்டியா? ரெண்டும் வேற வேற இனம், ஜெயந்தினி."

"பஸ்ஸு நின்னா எறங்கிப் போயிருவாங்க சேர். இதுங்க மூனு நாளா அதே பைக்குள்ளதான் இருந்துச்சுங்க."

"எனக்கு ரெண்டு இனம் வேணும்" என்றார் கலாநிதி. விஞ்ஞானம் அந்த இடத்தில் முடிந்தது.

ஏன் இரண்டு? வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றுகிற லொறிகளுக்குச் சொந்தக்காரரான பொன்னையா முதலாளி, மலையேற ஒரு ஜீப்பைக் கொடுத்து உதவியிருந்தார். அவருக்கு ஒரு சிலந்தி வாக்குக் கொடுத்தாயிற்று. பெரிய மனிதருக்குச் சின்னதைக் கொடுக்க முடியுமா? ஆகவே பெண் சிலந்திக்கு, முறுக்கு மீசை வைத்த பொன்னையா முதலாளியின் பேர். ஆண் சிலந்திக்கு?

"ஒங்க பேருதான், ஜெயந்தினி!"

அவள் சந்தோஷப்படவில்லை. "எனக்குச் சிலந்தி வேணாங்க சேர். கட்டுரையில எழுதுனவங்கன்னு எம் பேரையும் சேத்துப் போட்டீங்கன்னா போதும்."

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்; இந்த இனத்தின் முக்கியமான அடையாளம் இதில்தான் இருக்கிறது. கலாநிதி ஸ்பிரிட் போத்தலைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். பெற்ற தகப்பனைப் போல ஒரு முகம் வந்தது.

"அங்கதாம்மா சிக்கல். தம் பேர தானே வெச்சுக்கிறது நம்ம தொறையில பெரிய அசிங்கம். எழுதுனதும் ஜெயந்தினி, சிலந்தியும் ஜெயந்தினின்னா ஒலகமே சிரிக்கும். ஒங்க மானத்தக் காப்பாத்தத்தான் எழுதுனவங்க எடத்துல இருந்து ஒங்க பேர எடுத்துட்டேன்."

புரிகிறதா? மாலை போட்டே ஆளை வாசலுக்கு வெளியே தள்ளுகிற வித்தை! பிக்பொக்கட் அடிக்கிறவனாவது அடித்துவிட்டு ஓடுவான். இவரோ அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்த நான் என்ன செய்தேன்? ஸ்பிரிட்டைக் கொஞ்சம் குறைத்து அளந்தேன். அவ்வளவுதான் நம்முடைய வீரம்.

கட்டுரை அச்சாகி வர ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடமும் ஜெயந்தினி சும்மா இருக்கவில்லை. அதே மலையில் அதே மாதிரி இன்னொரு சோடியைப் பிடித்து, லயத்துக் குசினியில் ஒரு ஜாம் போத்தலில் வைத்து வளர்த்தாள். வாழைப்பழத்தை அழுகவிட்டு அதில் மொய்க்கிற பழ ஈயைப் பிடித்துப் போடுவாள். "சோறாக்குற எடத்துல இது என்னாடி நாத்தம்?" என்று விஜயலெட்சுமி சண்டை பிடித்துவிட்டு, மலைக்குப் போய் வருகிற வழியில் தானும் நாலு பூச்சி பிடித்துக்கொண்டு வருவார். பெண் சிலந்தி முட்டையிட்டது. குஞ்சுகள் வந்தன. பல தடவை தோலுரித்து வளர்ந்து முடிந்தபோது, ஒரே தாயின் முட்டையிலிருந்து வந்தவற்றில் பெண்ணெல்லாம் பொன்னையா முதலாளி, ஆணெல்லாம் ஜெயந்தினி.

இதற்கிடையில் கட்டுரை வந்துவிட்டது. எழுதியவர் தங்கராஜா, தனி ஒருவர். ஒரு பக்கத்தில் "ஆண்: அறியப்படவில்லை." அடுத்த பக்கத்தில் "பெண்: அறியப்படவில்லை." இரண்டும் கிடைத்தது ஒரே கல்லின் கீழ். பதுளையில் மண்டபம் எடுத்து விழா வைத்தார்கள். கடையை விட்டு நான் போக முடியாது; ஒன்பது வருடமாக என் கடையில் மருந்தெடுத்துக் கொடுக்கிற ஷாகிரா போய் வந்து, நடந்ததையெல்லாம் அப்படியே நடித்துக் காட்டினாள்.

மேடைக்குப் பின்னால் ஆட்டுக்கிடா அளவுக்குச் சிலந்தியின் படமாம். அதைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்த பொன்னையா முதலாளியின் கையில் அசல் சிலந்தியைப் போத்தலோடு கொடுத்தார்களாம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, போத்தலைக் குலுக்கிப் பார்த்து, மைக்குக்கு முன்னாலேயே கேட்டாராம்: "கொஞ்சம் பெருசா ஒன்னும் அம்புடலீங்களா?"

அடுத்ததாக ஜெயந்தினிக்குப் பொன்னாடை. மூன்றாவது வரிசையில் இருந்த விஜயலெட்சுமி பக்கத்திலிருந்தவரிடம், "எம் மகளுக்கு என்னாங்க குடுக்குறாங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஒங்க மக பேர ஒரு செலந்திக்கு வெச்சிருக்காங்கம்மா" என்று பதில் வந்திருக்கிறது. தேயிலை மலையில் இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல் அது. மண்டபம் முழுக்கக் கேட்டதாம்:

"அப்ப மேப்படிப்புக்கு அந்தச் செலந்திதான் போகுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். கலாநிதியும் சிரித்தார். ஜெயந்தினி பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள் என்று ஷாகிரா சொன்னாள்.

பேர் வைக்கிற இந்தத் துறைக்கு ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. ஒரே உயிருக்கு ஒரே கட்டுரையில் தவறுதலாக இரண்டு பேர் வைத்துவிட்டால், அந்தத் தவறை முதலில் திருத்தி எழுதுகிறவர் எந்தப் பேரைத் தெரிவு செய்கிறாரோ அது நிற்கும், மற்றது விழும். ஜெயந்தினி மூன்று பக்கத்தில் திருத்தம் எழுதினாள். ஜாம் போத்தல் குஞ்சுகளின் படங்களை வரைந்தாள். இரண்டும் ஒரே இனம் என்று நிறுவினாள். ஐப்பசியில் அச்சாகி வந்தது. தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பேர்.

அம்மாவின் இருமலுக்கு மருந்து வாங்க அவள் கடைக்கு வந்திருந்த அன்றைக்கு, கலாநிதி அந்த மூன்று பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் அவரால் தாங்க முடியாதது வேறொன்று.

"எந்தப் பேரு நிக்கணும்னு முடிவு பண்ற அதிகாரம் ஒங்க கையில இருந்துச்சு! ஒங்க பேர விட்டுட்டு அந்த லொறிக்காரர் பேர நிக்க வெச்சிருக்கீங்களே, ஒங்களுக்கு என்ன பைத்தியமா?"

"இல்லீங்க சேர்" என்றாள் ஜெயந்தினி. "சிலந்தியில எம் பேரு இருந்தா எழுதுனவங்கன்னு இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அதான் சிலந்தியில இருந்து எடுத்துட்டேன்."

கலாநிதி இரத்த அழுத்த மாத்திரை ஒரு அட்டை கேட்டார். பொன்னையா முதலாளிக்கு விஷயம் போய்ச் சேர்ந்தபோது, தன் சிலந்திக்குச் சோடி சேர்ந்துவிட்டது என்று நாலு பேருக்குச் சாப்பாடு போட்டாராம். ஜெயந்தினி வருடக் கடைசிக்குள் விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது. போன மாதம் விமானம் ஏறிவிட்டாள். கலாநிதி இப்போது மொனராகலைப் பக்கம் கல்லுப் புரட்டுகிறார். புது உதவியாளர் தேடுவதாகக் கேள்வி.

இதுவரை எழுதியதை ஷாகிராவுக்கு வாசித்துக் காட்டினேன். விழாவில் நடந்தது முழுவதும் அவள் சொன்னது. விஜயலெட்சுமியின் வார்த்தையை ஒன்றும் பிசகாமல் ஞாபகத்தில் கொண்டுவந்ததும் அவள்தான். கேட்டு முடித்துவிட்டு, "அண்ணா, இதுல எழுதினவங்கன்னு எம் பேரையும் சேத்துப் போடுவீங்களா?" என்றாள்.

"ஒங்களத்தான் கதைக்குள்ளேயே வெச்சிருக்கேனே ஷாகிரா!" என்றேன். "அதுக்கு மேல எழுதினவங்கன்னும் போட்டா பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது. ஷாகிரா அடுத்த ஆளின் மருந்துத் துண்டுச்சீட்டை வாங்கி மாத்திரை எண்ணப் போய்விட்டாள்.

ஆகவே வாசகரே, சிலந்தியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுகிற உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கடைசியாக நீங்கள் மேடையில் பேர் சொல்லிப் பாராட்டியது யாரை? வீட்டிலாகவும் இருக்கலாம், காரியாலயத்திலாகவும் இருக்கலாம், சங்கத்திலாகவும் இருக்கலாம். எல்லாரும் கை தட்டினார்கள், இல்லையா? அந்தச் சத்தத்தில் அவர் உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது என்னவென்று ஞாபகம் இருக்கிறதா?