கணினிக்குள் வேலி அடைத்தவர்

வன்னியில் காணிக்கு வேலி அடைத்தவர்கள் ஆயிரம் பேர். கணினிக்குள் வேலி அடைத்தவர் உலகத்திலேயே எங்கள் வேலியார் ஒருவர்தான்.

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில், கணினியில் எழுத்தடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். திரையின் நடுவே ஒரு கோடு. வலப்பக்கம் வந்தவரின் வேலை நடக்கும். இடப்பக்கம் ஒரு எழுத்தும் இராது. ஆனாலும் அதை மூடமாட்டார். வேலை கூடினால் கோட்டைப் பிடித்து மெல்ல நகர்த்தி, "இஞ்சேரப்பா, கொஞ்சம் தள்ளி இரும்" என்பார். பக்கத்தில் ஆள் இராது. சனம் சிரிக்கும்.

தெரியாமல் மூன்றாவதாக ஒரு பக்கத்தைத் திறந்து, திரை மூன்று சரிபங்காய்ப் பிரிந்துவிட்டால் போச்சு. "ஆர் என்ரை வேலியை அரக்கினது?" என்று, எல்லை வேலியின் கதியால் தடியைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டதுபோலக் கத்துவார்.

நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவள் மட்டுந்தான். ஆனால் பத்திரிகைக்கு அனுப்ப நான் அவரிடம் சொல்லி அடிப்பிக்கிறதை நானே எழுத்துக்கூட்டி வாசிக்காமல் அனுப்பமாட்டேன். இன்னொருவர் எனக்கு வாசித்துக் காட்டுவதா? அது நடக்காது. ஒருநாள் என் மங்கின கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கினார். அரைத் திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நின்றது. தலை எது, வால் எது என்று விளங்கவில்லை.

"தம்பி, அந்தப் பக்கத்தை மூடுங்கோவன். சும்மாதானே கிடக்குது."

"மூடேலாது அக்கா. அது மனிசியின்ரை பக்கம்."

அவருடைய மனைவி பக்கத்துக் கதிரையில் இருந்து, அந்த இடப்பக்கத்தில்தான் பிழை திருத்துவா. போய்ச் சேர்ந்து கனகாலம்.

"அப்ப நான் வாசிக்காமல் போறதோ?"

"அவவை எழுப்பிக் கலைக்கச் சொல்லுறியளோ?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருந்தோம். பிறகு தலையைச் சொறிந்தார். நின்ற கோட்டைக் கிடத்தினார். மேலே மனைவிக்கு ஒரு கீற்று, கீழே முழு அகலமும் எனக்கு.

"இப்ப இடம் காணுமோ?"

"காணும், காணும். மேலை இருந்து அவவும் வாசிக்கட்டும்."

ஆறுதலாய் வாசித்தேன். அவரைப் பார்த்து நான் சிரித்ததில்லை. என் மனிசன் போய் இவ்வளவு காலம், நானும் இன்னும் கட்டிலின் ஒரு ஓரத்தில்தான் படுக்கிறேன்.

இப்போது வேலியாரும் மனிசியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையை எடுத்து நடத்தும் பெண் கெட்டிக்காரி. கேளாமலே முழுத்திரையும் எனக்குத் தந்தாள். அவ்வளவு பெரிய வெளியில் என் எழுத்துத் தன்னந்தனியே நின்றது.

"மேலை கொஞ்சம் இடம் விடு பிள்ளை."

"ஆருக்கம்மா?"

"ரெண்டு பேர் இருக்கினம். கொஞ்சம் கூடவே விடு."