ஒதெத் மிஸ் வீட்டுக் காப்பி முற்றுகை

ஈராயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் எட்டாம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு, பெத்லகேமுக்குத் தெற்கே ஒலிவமரச் சரிவில் ஒண்டியிருக்கும் கஃபர் ஸைத் என்னும் சிற்றூரில், லூத்தரன் சபைச் சங்கத்தின் தூதுக்குழு மூவராய்ப் புறப்பட்டு, நனைந்த குடைகளை வாயிலில் சாத்திவிட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒதெத் அம்மையாரின் வரவேற்பறையில் நிரலே அமர்ந்தது.

வாழ்க நஸ்ரி! சபைச் சங்கத்தின் தலைமகன், கற்பாறைக் குன்றுகளைக் கயிறு பிடித்து அளந்த முன்னாள் நில அளவையாளன், ராஜியைப் பெற்றமையால் ஊரார் நாவில் அபூ ராஜி என விளங்குவோன், கூரை ஒழுகல் குறித்து மூண்ட மூன்றாண்டுப் பூசலை ஒரே மாலையில் அடக்கிய சொல்லேருழவன், வெள்ளிமீசை வேந்தன், வாழ்க! ஏலம் கமழும் கருநிறக் காப்பியே, அன்று அவ்வீரன் உன்பொருட்டுப் பட்ட பாட்டை நீயே அறிவாய்; பிழையின்றி உரைக்கும் ஆற்றலை எமக்கு நீயே அருள்வாய்!

போரின் காரணம் இது. நோயுற்றோரையும் தனித்திருப்போரையும் தேடிச் சென்று காணப் பராமரிப்புக் குழு ஒன்றை அமைத்து, அதன் தலைவர் பெயரை ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் அறிவிக்குமாறு மேலிடம் பணித்திருந்தது. ஒருவரும் இசையாவிடில் அப்பொறுப்பு சபைச் சங்கத் தலைவனையே சாரும் என்பது விதி. அவ்விதி ஒன்றுக்கே நஸ்ரி அஞ்சினான். ஏனெனில், ஓநாய்க்கும் வழக்கறிஞர்க்கும் அஞ்சாத அவ்வடலேறு, நோயாளியின் கட்டிலருகே நின்றால் மயங்கி விழுவோன். மருந்து நெடியே அவனைச் சாய்க்கவல்ல ஒரே படைக்கலம். ஆகவேதான் அவன் ஒதெத் அம்மையாரை நாடி வந்தான். முக்காடிடாத நரைமுடியும் முனை மழுங்காத நாவும் உடைய அம்மூதாட்டியை, அவரிடம் பயின்றவரும் பயிலாதவரும் ஒருங்கே மிஸ் என்றே அழைப்பர்.

கைப்பிடியற்ற சிறுகிண்ணங்கள் நான்கு வந்தன. அவற்றின் மேல் நுரை ததும்பிற்று. காலை முதல் 'தலைமையும் பராமரிப்பும்' என்னும் பயிற்சிக் கூட்டத்தில் அமர்ந்து, அங்கே கிடைத்த கற்பூரவள்ளி போலும் ஏதோ ஒரு தழையின் சுடுநீரை மட்டுமே பருகி வாடியிருந்த நஸ்ரியின் நாசியுள், வறுத்த கொட்டையின் மணம் வேல்போல் பாய்ந்தது. ஆயினும் தொடலாகாது. ஒன்றைக் கேட்க வந்த விருந்தினர், கேட்டதை வீட்டார் தந்தோம் என்று சொல்லும்வரை கிண்ணத்தில் கைவையார். முன்னரே குடித்துவிட்டால் கோரிக்கை அக்கணமே மடிந்தது. குடியாமல் எழுந்து போனாலோ வீட்டாருக்கு மாறாத மானக்கேடு. திருமணம் பேசுவதும் கொலைப்பழி தீர்ப்பதும் அம்மலைநாட்டில் இம்முறையாலேயே.

நஸ்ரி எழுந்தான். கிண்ணத்தைக் கண்ணால் நோக்காது சுவரில் தொங்கிய சிலுவையை நோக்கி முழங்கினான்: "மிஸ், நாங்க வெறுங்கையோட திரும்பறதுக்கு வரல. பராமரிப்புக் குழுவுக்கு நீங்கதான் தலைமை ஏத்துக்கணும். நீங்க சம்மதம் சொல்ற வரைக்கும் இந்தக் காப்பி எங்க உதட்டுல படாது."

"அப்போ ஆறட்டும்" என்றார் அம்மையார்.

தொடங்கிற்று முற்றுகை. கோட்டைக்கு வெளியே பட்டினி கிடக்கும் படையைப்போல் மூவரும் வீற்றிருக்க, ஆவி சுருள்சுருளாய் எழுந்து, கொடி அசைத்து, பகைவரின் ஒற்றனெனத் தூதுக்குழுவின் மூக்குகளை ஒவ்வொன்றாய் விலைபேசிற்று. முதலில் தளர்ந்தவர் செயலர் அந்தூன். பருத்த உடலும் மெலிந்த உறுதியும் உடைய அவருடைய வலக்கை, தலைவன் அறியாதபடி, மேசைவிரிப்பின் பூவேலையைப் பாராட்டுவதுபோல் ஊர்ந்து ஊர்ந்து கிண்ணத்தை அணுகிற்று. நஸ்ரியின் புருவம் வில்லென வளையவே, அக்கை அம்புபட்ட ஆமையாய் மீண்டு சட்டைப்பைக்குள் ஒடுங்கிற்று. அடுத்துக் களம் புகுந்தவர் இளம் போதகர் பாஸிம். தலைமை என்பது தொண்டு என்றும், தொண்டு என்பது செவிசாய்த்தல் என்றும், காலையில் பயிற்சியாளர் சொன்னதை மாலையில் சூடு ஆறாமல் ஒப்பித்தார். அம்மையார் செவிசாய்த்தார், போதகரின் முதுகு கூனுவதைச் சுட்டி நிமிர்ந்து உட்காரச் சொன்னார்.

நுரை அடங்கிற்று. மணம் மங்கிற்று. கிண்ணத்தின் விளிம்பில் கரும்பிறை ஒன்று உலரலாயிற்று. அக்காட்சியைக் காணப் பொறாத நஸ்ரி, வீரவுரை துறந்து, மன்றாடும் குரலில் காரணம் வினவினான். பதவி இல்லாமலே இத்தனை ஆண்டுகளாய் இப்பணியைச் செய்தவர் அவரே அன்றோ என்றான்.

"செஞ்சேன்" என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல நின்னு, இன்னார் படுத்திருக்கா, போய்ப் பாருங்கன்னு உங்களுக்குச் சொன்னேன். டிசம்பர்ல நானே நெஞ்சுச் சளியில படுத்தேன். வாசல்ல நின்னு யாரு சொல்றது? ஒருத்தரும் வரல."

மூவரின் தலைகளும் காற்றடித்த கோதுமைக் கதிர்களாய்க் கவிழ்ந்தன. நஸ்ரிக்கு நினைவு வந்தது. டிசம்பர் ஞாயிறுகளில் ஆலய வாயில் வெறிச்சோடிக் கிடந்ததும், அம்மையார் அம்மான் நகரில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று யாரோ சொன்னதும், அதை எல்லோரும் நம்பியதும், இந்த வாரம் ஊரில் நோயாளியே இல்லைபோலும் என்று மகிழ்ந்து தான் நேரே வீட்டுக்குச் சென்று மதிய உறக்கம் கொண்டதும்.

அம்மையார் போதகர்பால் திரும்பினார். "விசுவாசிங்க எல்லாரும் ஊழியம் செய்யற ஆசாரியருங்கதான்னு ஒவ்வொரு அக்டோபரும் சீர்திருத்தத் திருநாள்ல பிரசங்கம் பண்றீங்க, பாஸ்டர். நவம்பர் வந்ததும் அந்த ஆசாரியருங்கல்லாம் எங்க போயிடறாங்க?"

போதகரின் நிமிர்ந்த முதுகு மீண்டும் கூனிற்று.

அப்போது நிகழ்ந்தது அந்நாடு அதுகாறும் காணாத அற்புதம். உதட்டருகே கொண்டுசென்ற தம் கிண்ணத்தை, ஒதெத் அம்மையார், வீட்டுக்கு உரியவராகிய அவரே, ஒரு சொட்டும் பருகாமல் மேசைமேல் இறக்கிவைத்தார்.

"நானும் ஒண்ணு கேக்கறேன். குழுவுக்கு நஸ்ரி தலைவரா இருக்கட்டும். எனக்கு எண்பத்தொண்ணு ஆச்சு. சொல்றதுக்கு ஒருத்தி இருந்தாத்தான் போவோம்னு நீங்க இருந்தா, எனக்கப்புறம் யாரு போவா? நான் கூட வரேன். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் என் காப்பியும் ஆறட்டும்."

முற்றுகையிட்ட படை முற்றுகைக்கு உள்ளானது. அந்தூன் தலைவனின் காதருகே குனிந்து, "அபூ ராஜி, விருந்தாளிகிட்ட வீட்டுக்காரங்களே கேக்கறதுக்கு முறையில எடமிருக்கா?" என்று முணுமுணுத்தார். முறையில் இடமில்லை; ஆனால் அதை அம்மையார் முகத்துக்கு எதிரே உரைக்கும் ஆண்மகனும் அவ்வறையில் இல்லை.

நஸ்ரியின் நெஞ்சம் இரு மன்னர் பொருதும் களமாயிற்று. ஒருபுறம் கட்டில்கள், போர்வைகள், மருந்துக் குப்பிகள், இருமல் முரசங்கள் அணிவகுத்து அவனை நோக்கி வந்தன. மறுபுறம் டிசம்பர் மாதத்து மாலையொன்றில் இதே அறையில் இருமிக்கொண்டே கதவுத் தட்டலுக்குக் காது கொடுத்திருந்த ஒரு முதியவள் தனியே நின்றாள். படையின் பெருக்கம் அப்புறம். ஆயினும் அவனால் இப்புறத்தைக் கடந்து போக இயலவில்லை. இறுதி அரணாய்த் தன் இரகசியத்தை வெளியிட்டான்.

"மிஸ், எனக்கு மருந்து வாசனையே ஆகாது. போன எடத்துல மயக்கம் போட்டு விழுந்தேன்னா?"

"விழு. மூணாம் வகுப்புல ஊசி போட வந்தவங்களப் பாத்தே விழுந்தவன்தான நீ. அன்னிக்கும் நான்தான் தூக்கி உக்கார வச்சேன்."

அந்தூன் சிரித்தார், போதகரும் சிரித்தார், நஸ்ரி சிரிக்கவில்லை. மலைமுகட்டினின்று பாயும் கழுகெனத் தாழ்ந்தது அவன் கரம், பற்றியது கிண்ணத்தை, ஏலமும் கசப்பும் குளிரும் ஒன்றாய் உறைந்த அக்கருங்கடலை, கண்மூடி, மீசை நனைய, அடிவண்டல் பல்லில் நெறுநெறுக்க, ஒரே மடக்கில் உறிஞ்சி, வெற்றியோ தோல்வியோ எனப் புலவரும் வகுக்கவொண்ணா முகத்தோடு, "சரி, மிஸ்" என்று உரைத்தான் அவ்வெள்ளிமீசை வேந்தன். அம்மையாரும் தம் கிண்ணத்தை எடுத்து, ஆறியதற்காக முகம் சுளிக்காமல், மெல்லக் குடித்து முடித்தார்.

பராமரிப்புக் குழுவுக்கு நஸ்ரி தலைவர், ஒதெத் மிஸ் துணைத்தலைவர், வியாழக்கிழமை தோறும் நான்கு மணிக்கு இரண்டு வீடு போய்ப் பார்ப்பது, மழை பெய்தால் வெள்ளிக்கிழமை போவது என்று முடிவாயிற்று.